முட்டிக்கு ஒரு மெத்தை

நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாட்சப் குழுவில் இப்போதெல்லாம் காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக வருவது முட்டி வலிதான். பிள்ளைகள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவர் முடக்கத்தான் கீரை என்கிறார். இன்னொருவர் தன் முட்டியின் எக்ஸ்ரே படத்தையே அனுப்பி வைக்கிறார், பேத்தியின் பிறந்தநாள் படத்தை அனுப்புகிற பெருமையோடு. போன வாரம் ஒரு தம்பி, "அக்கா, கல்யாண வீட்டுல பாத்தேன், நீங்க மட்டும் தரையில முட்டி போட்டு அவ்ளோ நேரம் கோலத்துக்குக் கலர் அரிசி கொட்டிக்கிட்டு இருந்தீங்க. எப்படி?" என்று கேட்டிருந்தார்.

என் முட்டி ஒன்றும் இரும்பு இல்லை. படி இறங்கும்போது அது போடுகிற சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்கலாம். ஆனால் வலிக்காமல் முட்டி போட எனக்குத் தெரியும். அந்த வித்தையை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தால் வித்தை நாலு வரியில் முடிந்துவிடுகிறது. அதைக் கற்ற கதைதான் நீள்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

நம் காலத்தில் முட்டி போடுவதென்றால் தண்டனை. பள்ளியில் கணக்கு தப்பினால் வராந்தாவில் முட்டி. வீட்டில் வாய் நீண்டால் சமையலறை வாசலில் முட்டி. பிரிக்ஃபீல்ட்ஸில் நமக்கு இன்னொரு முட்டியும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கப் போகும்போது, தேவாலயக் கதவு திறந்திருந்தால், உள்ளே வரிசையாக முட்டி போட்டிருப்பவர்களின் முதுகுகள் தெரியும். நாம் நின்று பார்ப்போம். வீட்டில் வந்து சொல்லமாட்டோம்.

என்னைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சேர்த்தது அப்பா. இங்கிலீஷ் நன்றாக வரும் என்றார். இங்கிலீஷோடு சேர்ந்து வேறு எதுவும் வந்துவிடுமோ என்று அம்மாவுக்கு உள்ளூர ஒரு பயம். அதை அவர் வெளியே சொன்னதில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் மட்டும் என்னைப் பள்ளிக்கு அனுப்பியதில்லை.

அம்மாவின் பெரிய பயம் வேறு. எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருந்தது. பதினாறு முடியும்வரை கவனம் என்று ஜோசியர் சொன்னாராம். குவார்ட்டர்ஸ் மொத்தமும் பஸ் பிடித்துப் போர்ட்டிக்சனுக்குப் போன அன்று நீங்களெல்லாம் கடலில் குதித்துக் கும்மாளம் போட்டீர்கள். நான் பாயில் உட்கார்ந்து உங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். கிள்ளான் ஆறு பொங்கி நம் வாசல்படியை நனைத்த நாளில் அம்மா என்னைச் சாப்பாட்டு மேசை மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டுத்தான் அரிசி மூட்டையைத் தூக்கினார். அரிசி அதற்குள் நனைந்துவிட்டது.

எனக்குப் பதினான்கு வயதானபோது பள்ளியில் கேனோ வந்தது. யாரோ புண்ணியவான் பழைய கேனோக்கள் சிலவற்றைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தார். மெல்லிசான, இரண்டு பக்கமும் கூர்மையான திறந்த படகு. ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். பூச்சோங் பக்கம், ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளத்தில் தேங்கிய குட்டை ஒன்றில் சனிக்கிழமை காலையில் பயிற்சி. ஆண்டு முடிவில் மற்றப் பள்ளிகளோடு போட்டி. விளையாட்டு டீச்சர் உயரமான பெண்களாகப் பார்த்துப் பொறுக்கினார். நான் அப்போதே பனைமரம். வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள்.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். வருகிற ரயிலை இந்தத் தண்டவாளத்திலிருந்து அந்தத் தண்டவாளத்துக்கு மாற்றிவிடுவது அவர் வேலை. வீட்டிலும் அதேதான், அம்மாவின் கேள்வி எந்த வேகத்தில் வந்தாலும் பக்கத்துத் தடத்தில் திருப்பிவிடுவார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அம்மாவே சொல்வார். அவர் பிறந்தது பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். லங்காட் ஆற்றில் நீந்தி வளர்ந்தவர். தாளை வாங்கிப் படித்தார், கையெழுத்துப் போட்டார்.

"தண்ணியில கண்டம்னா தண்ணியப் பத்தித்தான் தெரிஞ்சிக்கணும் லா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அம்மாவிடம் அவர் சொன்னது, சனிக்கிழமைகளில் எனக்குக் கூடுதல் வகுப்பு என்று.

அந்தக் குட்டையின் நிறம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஓரத்தில் பச்சை, நடுவில் திடுக்கிடுகிற நீலம். சுற்றிலும் ஈயம் கழுவிக் கொட்டிய வெள்ளை மணல், அதற்கு அப்பால் ஆளுயர லாலாங் புல். இப்போது அங்கே அடுக்குமாடிகள். ஏரியைப் பார்த்த ஜன்னல் என்று அதிக விலை வைக்கிறார்களாம். அது ஏரி இல்லை, பள்ளம் என்று வாங்குகிறவர்களிடம் யார் சொல்வது?

முதல் நாள் எல்லாரும் குறுக்குப் பலகையில் ராணி மாதிரி உட்கார்ந்தோம். கேனோ இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, இரண்டு படகு கவிழ்ந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருந்ததால் தலைகள் மட்டும் மிதந்தன. விளையாட்டு டீச்சர் மலாய்க்காரர், கரையிலிருந்து "லுத்துட்! லுத்துட்!" என்று கத்தினார். மலாயில் முட்டி. முட்டி போடு என்கிறார். நாங்கள் ஏதோ தண்டனை என்றே நினைத்தோம். தயங்கித் தயங்கிப் படகின் அடியில் முட்டி போட்டதும் அது அடங்கிவிட்டது. பாரம் கீழே போனால் படகு ஆடாது. அவ்வளவுதான் விஷயம். துடுப்பை உள்ளே விட்டு இழுத்ததும் கேனோ வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. செருப்புக்குக் காவல் இருந்தவள் தண்ணீருக்கு நடுவில் இருந்தேன். அந்த நிமிடமே எனக்கு அது பிடித்துப்போனது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் அவ்வளவு சட்டென்று பிடித்ததில்லை, என் கல்யாணம் உட்பட.

சந்தோஷம் பாதிக் குட்டை வரைதான். பிறகு முட்டி பேச ஆரம்பித்தது. படகின் அடி கல் மாதிரி. முட்டிச்சில்லுக்கும் அதற்கும் நடுவில் நம் தோல் மட்டும்தான். அடுத்தது கணுக்கால், பாதம் பின்னால் மடங்கிக் கிடப்பதால் மேல்பக்க நரம்பு இழுத்தது. கடைசியில் இரண்டும் வலிக்கவில்லை, ஏனென்றால் முட்டிக்குக் கீழே எதுவுமே இல்லை. மரத்துப்போயிருந்தது. கரை வந்ததும் துள்ளி எழுந்தேன். கால் என்னோடு வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் படகைத் திட்டினேன்.

என்னைத் தூக்கிவிட்டவள் என் கேனோவில் முன்னால் இருந்தவள். முன்பலகைக்காரி என்றே வைத்துக்கொள்வோம். சிலோன்காரப் பெண், கிறிஸ்துவர். அவளுடைய அப்பா அரசாங்கக் கிளார்க். நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்தெருவில் பெரிய மாமரம் வைத்த வீடு. அவளும் நொண்டிக்கொண்டுதான் வந்தாள்.

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் இருவரும் துடுப்பு போட்டதைவிட முட்டியைப் பற்றி யோசித்ததுதான் அதிகம். பஸ்ஸில் போகும்போது யோசனை, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்கும்போது யோசனை. ஒரு வாரம் இலவம்பஞ்சுத் தலையணை கொண்டுபோனேன். தண்ணீரைக் குடித்து அரைத்துவைத்த மாவு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம் தேங்காய்நார் மிதியடி. அதன் வரிவரியான அச்சு புதன்கிழமை வரை முட்டியில் இருந்தது. ஸ்பாஞ்சை வைத்தால் துடுப்பை இழுக்கும்போதெல்லாம் அது பிழிந்து என் பாவாடையை நனைத்தது.

முன்பலகைக்காரிதான் வழி சொன்னாள். "எங்கட கோயில்ல முழங்காலில நிக்கிற பலகைக்கு மெத்தை அடிச்சிருக்கு. மேல றப்பர் ஷீட் போட்டிருக்கு. அதாலதான் ஆக்கள் அவ்வளவு நேரம் செபிக்கினம்" என்றாள். தண்ணீர் குடிக்காத மெத்தை வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வார் அறுந்த ஜப்பான் சிலிப்பர், அந்த ரப்பர் செருப்பு, இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உங்கள் வீட்டு வாசல்களுக்கெல்லாம் நான் வந்தேனே, நினைவிருக்கிறதா? உங்களில் ஒருவருடைய அம்மா எனக்கு ஏதோ சூனியம் வைக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அந்தச் சிலிப்பர்களை வட்டமாக வெட்டி, இரண்டிரண்டாக அடுக்கி, அப்பாவின் பழைய காக்கிக் காலுறைக்குள் திணித்துத் தைத்தேன். வலது முட்டிக்கு ஒன்று, இடது முட்டிக்கு ஒன்று. தண்ணீர் பட்டால் வழிந்துவிடும். முதல் தடவை அதன்மேல் முட்டி வைத்தபோது நானும் முன்பலகைக்காரியும் சும்மா சிரித்தோம். அந்த மெத்தைகள் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். குவார்ட்டர்ஸை இடித்தபோது எத்தனையோ போயின, அவையும் போயின.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். நீங்கள் கேட்ட நாலு வரி இதுதான், குறித்துக்கொள்ளுங்கள். முட்டியைச் சேர்த்து வைக்கக் கூடாது, அகட்டி வைக்க வேண்டும். பின்பக்கத்தைக் குறுக்குப் பலகையின் ஓரத்தில் சாய்த்துக்கொள்ள வேண்டும். அடுப்புக்கு மூன்று கல் மாதிரி இரண்டு முட்டியும் பலகையும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். பாரத்தை முட்டிச்சில்லின் மேல் போடாமல், அதற்குக் கீழே இருக்கிற எலும்பில் போட வேண்டும். கணுக்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். வலி வரும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது ஒரு காலை முன்னே நீட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கரை வந்ததும் எழும்பக் கூடாது. அப்படியே உட்கார்ந்து காலை நீட்டி, ரத்தம் திரும்பி வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். நாலு வரி என்று சொல்லிவிட்டுக் கூடுதலாகவே எழுதிவிட்டேன்.

இனி அம்மா.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அம்மா என் முட்டியைப் பார்த்தார். கறுத்து, தடித்து, காய்ப்பு பிடித்திருந்தது. சீயக்காய் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. எலுமிச்சைத் தோலால் தேய்த்தார், போகவில்லை. பள்ளியில் முட்டி போட வைக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். அப்பா என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்ததால் அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா என்னைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறார். நான் அது தெரியாமல் வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அறையில் சுவரைப் பார்த்து முட்டி போட்டு, கண்ணை மூடி, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பேன். கதவிடுக்கில் அம்மா நின்றது எனக்குத் தெரியாது. ஒரு கிருத்திகை நாளில் விளக்கேற்றிவிட்டு அம்மா சாமி மேடை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது, உடம்பு பழகிப்போயிருந்தது. முருகன் படத்துக்கு முன்னால், கிறிஸ்துவர்கள் மாதிரி, முட்டி போட்டிருந்தேன். அம்மா பாடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு இந்த விஷயங்களில் அனுபவம் அதிகம் என்று அவரே சொல்லிக்கொள்வார். கறுத்த முட்டி, சனிக்கிழமை தவறாத வகுப்பு, சிலோன்காரக் கிறிஸ்துவப் பெண்ணோடு சிநேகம். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட அவருக்கு ஒரு கோப்பை தே ஓ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிள்ளை மதம் மாறப் போகிறாள்.

அம்மா என்னை அடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. கேட்டு, நான் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருப்பார் என இப்போது புரிகிறது. அவர் நேராக முருகனிடம் போய்விட்டார்.

சோறு போடும்போது அப்பாவிடம் சொன்னார். "பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். முதப் படியில இருந்து மேல குகை வரைக்கும் முட்டியாலயே ஏறி வர்றேன்னு. நம்ம புள்ள நம்ம சாமிய விட்டுப் போகக் கூடாது."

அப்பா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்வாசலில் அவரைப் பிடித்தேன். சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "இப்ப சொன்னா உன் கேனோ இன்னிக்கே முடிஞ்சிது. போட்டி முடியட்டும் லா, பொறுமையா சொல்லிக்கலாம்" என்றார். அம்மா குறித்திருந்தது பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. போட்டி அதற்கு மறுநாள் சனிக்கிழமை. எனக்கு அழுகையாக வந்தது. எனக்குக் கேனோவும் வேண்டும். அம்மாவின் முட்டி தேயவும் கூடாது. பதினான்கு வயதில் ஒரு பெண்ணுக்கு இரண்டும் கிடைக்க வழியே இல்லை என்று தோன்றியது. அப்பா எனக்காகத்தான் மறைத்தார் என்று ரொம்ப நாள் நம்பினேன். இப்போது நினைத்தால் அவர் அம்மாவின் ஒரு பார்வைக்குப் பயந்துதான் மறைத்திருக்கிறார். பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலை பத்துமலைக்குப் போனோம். அம்மா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிச்சிட்டு, மஞ்சள் சேலை கட்டியிருந்தார். அடிவாரத்தில் நான் பையிலிருந்து என் மெத்தைகளை எடுத்து நீட்டினேன். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். காக்கிக் காலுறை அடையாளம் தெரிந்தது, அதன் உபயோகம் தெரியவில்லை. முட்டிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"வேண்டுதலுக்கு மெத்தையா? வலிக்கணும்னுதானே வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதல் படியில் முட்டி வைத்தார். சிமெண்டுப் படி, செங்குத்து. கையை மேல்படியில் ஊன்றி, ஒரு முட்டி, இன்னொரு முட்டி. நான் பக்கத்தில், அப்பா தண்ணீர் போத்தலோடு பின்னால். குரங்குகள் தேங்காய் மூடிக்காகக் கைப்பிடிச் சுவரில் காத்திருந்தன. அம்மா முட்டியைச் சேர்த்து வைத்தே ஏறினார், முழுப் பாரமும் சில்லின் மேல். தப்பு, தப்பு என்று என் வாய்வரை வந்தது. சேலையில் முட்டி இருக்கும் இடத்தில் ஈரம் தெரிந்தது. சிவப்பாகத்தான் இருந்தது. ஒவ்வொரு படியிலும் அந்த வலி எனக்கு அப்படியே தெரிந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் எனக்கும் வலித்திருந்தது.

பாதி வழியில் படி கொஞ்சம் அகலமாகும் இடத்தில் அம்மா நின்றார். உதடு வெளுத்திருந்தது. காலை உணர முடியவில்லை போலும். எழுந்து நின்று உதறலாம் என்று கையை ஊன்றினார்.

"எழும்பாதீங்கம்மா!" என்று கத்தினேன். எழுந்திருந்தால் அந்தச் செங்குத்தில் பின்னால்தான் விழுந்திருப்பார்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. அம்மாவைக் குதிகால் மேல் உட்கார வைத்தேன். முட்டிகளை அகட்டினேன். அப்பாவின் தோளிலிருந்த துண்டை வாங்கிச் சுருட்டிக் கணுக்காலுக்கு அடியில் செருகினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலை முன்னால் நீட்டச் சொல்லி, ஆடுசதையைக் கீழிருந்து மேலாகத் தடவினேன். இப்போது ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், அது நல்லது, ரத்தம் வருகிறது என்றேன். ஏறும்போது சில்லுக்குக் கீழே இருக்கிற எலும்பில் பாரத்தைப் போடுங்கள் என்றேன். அம்மா தன் காலைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் சர்ச்சுல சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். அதுதான் என்னை உடைத்துவிட்டது.

அப்பாவைப் பார்த்தேன். அவர் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்ச்சு இல்லம்மா. படகு. சனிக்கிழமை வகுப்பு இல்ல, படகு ஓட்டப் போறேன். முட்டி போட்டுத்தான் ஓட்டணும்" என்றேன்.

மற்றதையும் கொட்டிவிட்டேன். குட்டை, மிதவைச் சட்டை, சிலிப்பர், நாளைக்குப் போட்டி. அம்மா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்பா எந்தத் தடத்திலும் திருப்பிவிட முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். மேலே போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு பாட்டியம்மாள், "வேல், வேல்" என்று அம்மாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தண்ணியிலயா?" என்றார் அம்மா. அவ்வளவுதான் கேட்டார். முகத்தில் பழைய பயம் மொத்தமும் வந்து உட்கார்ந்திருந்தது. என் கேனோ முடிந்தது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். பரவாயில்லை, அம்மா இறங்கிவிடுவார் என்ற நிம்மதிதான் எனக்கு. எதற்காக வேண்டிக்கொண்டாரோ அதுவே இல்லை என்று ஆகிவிட்டதே.

அம்மா கீழே பார்த்தார். மேலே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாதி வந்தாச்சு. இதுவரைக்கும் ஏறினது மதத்துக்கு. முருகன் வரவு வச்சுக்கட்டும், வேற யாருக்காச்சும் ஆகும்" என்றார். "இனிமே ஏறுறது தண்ணிக் கண்டத்துக்கு."

முட்டியை அகட்டி, நான் சொன்ன மாதிரியே எலும்பில் பாரத்தைப் போட்டு, அடுத்த படியில் கையை ஊன்றினார். நான் மறுபடியும் மெத்தைகளை நீட்டினேன். அம்மா திரும்பாமலே சொன்னார்.

"அத உள்ள வை. நாளைக்குப் படகுல உனக்கு வேணும்."

நான் அங்கேயே அழுதேன். அப்பாவும் அழுதார், வியர்வை என்று சொன்னார்.

மறுநாள் அம்மாவும் வந்தார். நடக்கவே முடியாது. பஸ்ஸிலிருந்து அப்பா கைத்தாங்கலாக இறக்கினார். முட்டிகளில் மஞ்சள் பற்று. நான் அவரை லாலாங் புல் ஓரம் ஒரு கித்தான் துணியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். முன்பலகைக்காரி வந்து வணக்கம் சொன்னாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டார். பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து எனக்குப் பூசினார். அவளுக்குப் பூசலாமா வேண்டாமா என்று விரல் ஒரு கணம் நின்றது. அவளே நெற்றியைக் காட்டினாள்.

எதிர்க்கரைக்குப் போய், மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். விசில் ஊதியதும் எல்லாரையும் மறந்தேன். தண்ணீர், துடுப்பு, முன்னால் இருப்பவளின் முதுகு, அவ்வளவுதான் உலகம். எந்த இடம் வந்தோம் என்று கேட்பீர்கள். பரிசு வாங்கிய இடம் இல்லை. மிதவையைச் சுற்றித் திரும்பும்போதுதான் கரையைப் பார்த்தேன்.

அம்மா கித்தானில் இல்லை. தண்ணீரின் ஓரத்துக்கு வந்து, வெள்ளை மணலில் முட்டி போட்டிருந்தார். அகட்டிய முட்டி, குதிகாலில் உட்கார்ந்த இடுப்பு, கூப்பிய கை. முட்டியில் தோலே இல்லாத மனுஷி. பக்கத்தில் அப்பா வெறுங்காலோடு ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துச் சூட்டில் நெளிந்துகொண்டிருந்தார். அருகில் வந்தபோதுதான் காரணம் புரிந்தது. அவருடைய ஜப்பான் சிலிப்பர் இரண்டும் அம்மாவின் முட்டிக்கு அடியில் இருந்தன. இந்தத் தடவை அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை போலும்.

கேனோ மணலில் உரசி நின்றது. சுற்றிலும் கூச்சல். முன்பலகைக்காரி காலை நீட்டிக்கொண்டு படகிலேயே சாய்ந்தாள். அம்மா எழுந்து ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழும்பவில்லை. மெதுவாகச் சரிந்து உட்கார்ந்து, ஒரு காலை முன்னால் நீட்டினார், பிறகு மற்றொரு காலை. நானும் படகில் அப்படியே நீட்டிக்கொண்டேன். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ரத்தம் திரும்பி வரும்வரை அம்மா கரையிலும் நான் தண்ணீரிலும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.